கம்பம் வரை

நுழையும்முன்

பெற்றோரின் பணி மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் சென்ற அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். விருப்பமான விளையாட்டை இழந்து நின்ற மாணவன் ஒருவனையும், விரும்பிய துறையை இழந்து வேறொரு துறையில் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் ஒருவரையும் இப்பாடத்தில் சந்திப்போம். எதிர்பாராத திருப்பத்தை நிதானமாக எதிர்கொள்வது எவ்வாறு என்பதை அறிவோம்.

1

ஜூலை மாதத்தின் முதல் வாரம். ஜோத்பூர் விமானப்படைக் குடியிருப்பில் ஒரு வீட்டின் முன் ஆறு இரும்புப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கறுப்பு வண்ணம் பூசிய அப்பெட்டிகளின் மூடியில் வீட்டுத் தலைவரின் பெயர், பணி எண், ஊர் ஆகியவை வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன. தந்தை தூரிகையைக் கையில் எடுத்தார். ஊர்ப்பெயரின் பிற்பகுதியைக் கறுப்பு வண்ணத்தால் மூடினார். அது உலர்ந்ததும் அதன்மேல் புதிய எழுத்துகளை எழுதினார். ஜோத்பூர், ஜோர்ஹாட் ஆயிற்று. இரண்டு ஊர்களும் ‘ஜோ’ என்றே தொடங்குவதால் அவருக்கு வேலை சற்றுக் குறைந்தது. ராஜஸ்தானின் பாலை நிலத்திலிருந்து அசாமின் மழை நிலத்திற்கு அந்தக் குடும்பம் இடம்பெயர வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகன் வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இத்தகைய வேளைகளில் வண்ணக் குவளையை ஏந்தித் தந்தையின் அருகில் நிற்பவன் அன்று எழுந்து வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பள்ளியின் கோ-கோ அணியில் அவனே சிறந்த துரத்துபவன். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் மணலில் ஓடியும் விழுந்தும் அந்த இடத்தைப் பெற்றிருந்தான். முழங்காலில் இருந்த தழும்புகள் அதற்குச் சான்று கூறின. மண்டல அளவிலான போட்டி அடுத்த மாதம் நடைபெற இருந்தது. அணியின் பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் முதலாவதாக இருந்தது. அந்நிலையில்தான் மாற்றல் ஆணை வந்தது.

“ஒரு மாதம் கழித்துப் போகக் கூடாதா, அப்பா?” என்று அவன் ஒருமுறை கேட்டான்.

“கேட்டுப் பார்த்தேன், ஐயா. அங்கே ஆள் இல்லையாம். உடனே வந்து சேர வேண்டும் என்கிறார்கள்” என்றார் தந்தை. அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

தாய் ஆறுதல் கூற முயன்றார். “அங்கேயும் இதே பள்ளிதானே, கண்ணா? இதே பாடம், இதே வழிபாட்டுப் பாடல், இதே சீருடை.”

“சீருடை அதேதான், அம்மா. அதற்குள் இருக்கும் பையன்கள் வேறு” என்று கூறிவிட்டு அவன் உள்ளே சென்றான்.

அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிப்போக வந்தவர் அவர். குடும்பம் புதிய இடத்தில் காலூன்றும்வரை உடனிருப்பதாக முடிவு செய்து, தம் துணிப்பையைக் கொண்டுவந்து இரும்புப் பெட்டிகளின் அருகில் வைத்தார்.

2

ஜோர்ஹாட்டில் முதல் நாள் விடியலே அவனைத் திகைக்க வைத்தது. சன்னல் வழியே வெளிச்சம் முகத்தில் விழுந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை. இந்தியா முழுவதற்கும் கடிகார நேரம் ஒன்றுதான். ஆனால் கிழக்கு எல்லையில் கதிரவன் முன்னதாகவே எழுந்துவிடுகிறான். அதுபோலவே முன்னதாக மறைந்தும் விடுகிறான். ஜோத்பூரில் ஜூலை மாதத்தில் மாலை ஏழு மணிக்கும் விளையாட வெளிச்சம் இருக்கும். இங்கோ ஆறு மணி கடந்ததும் இருள் இறங்கியது. விளையாட்டு நேரத்தில் ஒரு மணிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது என்று அவன் மனத்துள் கணக்கிட்டான்.

அந்த நேரத்திலும் விளையாட அவனுக்கு விருப்பம் இல்லை. குடியிருப்பின் திடல் பச்சைப் பசேலென்று புல் மூடிக் கிடந்தது. பெய்த மழை ஆங்காங்கே தேங்கி நின்றது. கோ-கோ கம்பம் நட்ட சுவடே அங்கு இல்லை. சிறுவர்கள் சேற்றில் கால்பந்து ஆடினர். அவர்களுள் ஒருவன் வந்து இந்தியில், “விளையாட வருகிறாயா?” என்று அழைத்தான். இவன் தலையை மட்டும் அசைத்து மறுத்தான். மறுநாளும் அழைத்தான், மறுநாளும் மறுத்தான். மூன்றாம் நாள் அழைப்பு வரவில்லை.

அவனுடைய விளையாட்டுக் காலணிகள் ஆறாவது பெட்டியில் இருந்தன. மற்ற ஐந்து பெட்டிகளும் திறக்கப்பட்டன. ஆறாவது பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அவன் தாயிடம் கூறிவிட்டான்.

ஒரு மாலையில் ஜோத்பூர் நண்பனிடமிருந்து தாயின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அவனுடைய இடத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சேர்த்திருக்கிறார்களாம். அவன் நன்றாக ஓடுகிறானாம். ஆனால் கம்பத்தருகே தடுமாறுகிறானாம். போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றனவாம். செய்தியைப் படித்தவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். மறுமொழி அனுப்பவில்லை. “இனி எனக்கு எந்த விளையாட்டும் வேண்டாம்” என்று கூறிவிட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தான்.

அங்கே அப்பத்தா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மழை மேகத்தால் வெளிச்சம் மங்கியிருந்தது. எனினும் அரிசியின் நிறத்திலேயே கிடந்த சிறு கற்களை அவர் விரல்கள் ஒவ்வொன்றாக எடுத்தன.

“இந்த வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது, அப்பத்தா?”

“இது மதுரையில் வாங்கிவந்த கண், ராசா. நான்கு வருடத்திற்கு முன் கண்ணில் புரை விழுந்து, உன் அப்பனுடைய முகமே எனக்குப் புகைமூட்டமாகத் தெரிந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். கட்டைப் பிரித்த அன்று சுவரில் இருந்த பல்லியைக்கூடப் பார்த்தேன்.” அப்பத்தா சிரித்தார். பின்பு குரலைத் தாழ்த்தினார். “அந்த மருத்துவமனையைத் தொடங்கிய பெரிய டாக்டரைப் பற்றி வரிசையில் காத்திருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்குக் கைவிரல்கள் எல்லாம் வளைந்து கோணிப்போயிருக்குமாம். அந்தக் கையாலேயே ஆயிரம் ஆயிரம் பேருக்குக் கண் கொடுத்தாராம்.”

சிறுவன் நிமிர்ந்தான். “விரல் கோணியவர் கண்ணுக்குள் எப்படிக் கத்தி வைப்பார்?”

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றார் அப்பத்தா.

3

அவர்கள் பேசிய அந்த மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்திற்கு அருகில் உள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பயின்ற ஊர்ப் பள்ளியில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. மாணவர்கள் ஆற்றங்கரையிலிருந்து மணலை அள்ளிவந்து தரையில் பரப்பி, விரலால் எழுதிப் பழகினர். பின்னாளில் உலகமே வியந்து நோக்கிய விரல்கள் முதலில் எழுதியது மணலில்தான்.

அவர் சிறுவனாக இருந்தபோது உறவுப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பேறுகாலத்தில் உயிரிழந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. அத்துயரம் சிறுவனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. தாய்மாரைக் காக்கும் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். எண்ணியவாறே அனைத்தும் நடந்துகொண்டிருந்தன.

அப்போது யாரும் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. முடக்குவாதம் என்னும் கொடிய நோய் அவரைத் தாக்கியது. மூட்டுகளை வீங்கச் செய்து, நாளடைவில் அவற்றின் வடிவத்தையே சிதைக்கும் நோய் அது. 1948இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். முப்பது வயது இளைஞர் மாதக் கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்பதே பெரும் முயற்சியாயிற்று. நோயின் கடுமை தணிந்தபோது விரல்கள் வளைந்தே நின்றுவிட்டன. எழுதுகோலைப் பிடிப்பதும் கடினமாக இருந்தது. மகப்பேறு மருத்துவம் நெடுநேரம் நின்று செய்ய வேண்டிய பணி. உடல் வலிமையை வேண்டும் பணி. பத்து வயது முதல் கண்டுவந்த கனவு அத்துடன் முடிந்தது.

கனவு முடிந்த இடத்தில் அவர் செய்த செயலை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் தம் கையைப் பார்த்தார். அக்கையால் இனிச் செய்ய இயலாதது எது, செய்ய இயல்வது எது என்று ஆராய்ந்தார். கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கண் அறுவையை அமர்ந்தவாறே செய்யலாம். அதற்கு வேண்டுவது தோள் வலிமை அன்று. நுண்மையும் பொறுமையும் ஆகும். மீண்டும் மாணவராகிக் கண் மருத்துவத்தில் பட்டயமும் முதுகலைப் பட்டமும் பெற்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கவும், பிடித்த கத்தியை மயிரிழை அளவில் நகர்த்தவும் விரல்களை நாள்தோறும் பழக்கினார். மணலில் எழுத்தைப் பழகிய விரல்கள் மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து பழகின.

நமது கண்ணுக்குள் பளிங்கு போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. முதுமையில் அது மங்கி, ஒளியை மறைக்கிறது. இதையே கண்புரை என்கிறோம். புரை முற்றினால் பார்வை போய்விடும். ஆயினும் ஒரு சிறிய அறுவையால் அதை மீட்க முடியும். மீட்க முடிந்த பார்வையை மீட்பார் இல்லாமல் ஊர்தோறும் முதியவர்கள் இருளில் இருந்தனர். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற வெங்கடசாமி, மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி ஊர்களுக்கே சென்று கண் முகாம்களை நடத்தினார். ஒரே நாளில் நூறு அறுவைகள்வரை செய்யும் திறன் பெற்றார். தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவ்விரல்களாலேயே செய்தார். 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்தம் குடும்பத்தாரும் துணை நின்றனர். பணத்திற்காக வீட்டையும் நகைகளையும் அடகு வைக்க வேண்டியிருந்தது. பணம் செலுத்த இயன்றவர்கள் செலுத்தினர். இயலாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அறுவை அரங்கில் ஒருவருக்கு அறுவை நடைபெறும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் கண் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்த செயற்கைக் கண்வில்லையை, 1992இல் அவர்கள் மதுரையிலேயே குறைந்த செலவில் உருவாக்கத் தொடங்கினர். பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், உலக அளவில் மிகுதியான கண் அறுவைகள் செய்யும் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறைந்தார்.

4

இவ்வரலாற்றைக் கேட்பவர் சிலர், “நோய் வந்தது நல்லதாயிற்று, அதனால்தானே அவர் கண் மருத்துவர் ஆனார்!” என்று கூறக்கூடும். அவ்வாறு கூறுவது எளிது, சரியாகாது. நோய் நன்மை அன்று. அவருடைய விரல்கள் இறுதிவரை நேராகவில்லை. அவர் விரும்பிய மகப்பேறு மருத்துவம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. இழந்தது இழந்ததாகவே இருந்தது. இழப்பை இழப்பு என்று ஏற்றுக்கொண்ட பின்னும் கையில் எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்கும் தெளிவு அவரிடம் இருந்தது. அத்தெளிவுக்கே நிதானம் என்று பெயர்.

நிதானம் என்பது வருத்தமே இல்லாத நிலை என்று நினைத்துவிடக் கூடாது. வருத்தத்தை மறைத்துச் சிரித்துக் காட்டுவதும் நிதானம் ஆகாது. திருக்குறளில் 63ஆம் அதிகாரத்திற்கு ‘இடுக்கண் அழியாமை’ என்பது பெயர். துன்பமே வராத வாழ்வைப் பற்றியது அன்று அவ்வதிகாரம். துன்பம் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, வந்தபோது உள்ளம் அழியாதிருப்பதைப் பற்றியது. வெள்ளம் வந்த வயலில் உழவர் முதலில் வரப்பில் நின்று பார்க்கிறார். வருந்துகிறார். நீர் வடிந்ததும் எந்தப் பாத்தியில் நாற்று உயிரோடு இருக்கிறது என்று தேடுகிறார். பார்ப்பதும் வருந்துவதும் தேடுவதும் ஆகிய மூன்றும் வேண்டும். வருந்துவதோடு நின்றுவிட்டால் உயிரோடு இருக்கும் நாற்றும் வாடிவிடும்.

5

அப்பத்தா தாம் கேட்டறிந்த அளவில் கதையைச் சொல்லி முடித்தார். மழை தூறத் தொடங்கியது. திடலில் பந்தின் ஓசை மட்டும் கேட்டது.

“அவருக்கு வருத்தமாக இருந்திருக்காதா, அப்பத்தா?”

“வலிக்காத மனிதர் உண்டா, ராசா? உனக்கும்தான் வலிக்கிறது. எனக்குத் தெரியாதா?” அப்பத்தா முறத்தைக் கீழே வைத்தார். “அது சரி, நீ ஆடும் ஆட்டத்தை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே! எப்படி ஆடுவீர்கள்?”

ஊரிலிருந்து வந்த பிறகு முதன்முறையாக அவன் கோ-கோவைப் பற்றிப் பேசினான். முறத்தின் ஓரத்தில் குவிந்திருந்த கற்களிலிருந்து எட்டை எடுத்துத் தரையில் ஒரே வரிசையில் வைத்தான். “இவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்திருப்பார். அடுத்தவர் அந்தப் பக்கம். இரண்டு முனையிலும் இரண்டு கம்பங்கள்.” தீக்குச்சிகள் இரண்டை எடுத்து இரு முனைகளிலும் வைத்தான். “ஒன்பதாவது ஆள் துரத்துபவன். அவன் ஒரு திசையில் ஓடத் தொடங்கிவிட்டால் பின்னால் திரும்பக் கூடாது.”

“பிடிக்க வேண்டியவன் பின்னால் இருந்தால்?”

“அப்போதும் திரும்பக் கூடாது. கம்பம்வரை ஓடி, அதைச் சுற்றித்தான் மறுபக்கம் வர வேண்டும். இல்லையென்றால் தவறு என்று நடுவர் ஊதிவிடுவார். அல்லது உட்கார்ந்திருப்பவன் முதுகில் தொட்டுக் ‘கோ’ சொல்லிவிட்டு, அவன் இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவன் எழுந்து ஓடுவான்.”

அப்பத்தா கற்களின் வரிசையைச் சிறிது நேரம் பார்த்தார். “அப்படியானால் உன் இடத்தில் இப்போது ஓடுகிறானே அந்தச் சின்னப் பையன், அவனுக்கு நீ ‘கோ’ சொல்லிவிட்டா வந்தாய்?”

அவன் பதில் கூறவில்லை. தீக்குச்சி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்திற்குப் பின் உள்ளே எழுந்து சென்றான்.

அன்று இரவு அவன் நண்பனின் வழியாக அந்த ஏழாம் வகுப்பு மாணவனைத் தொலைபேசியில் அழைத்தான். கம்பத்தருகே வேகத்தை எங்கே குறைக்க வேண்டும், எந்தக் கையால் கம்பத்தைப் பற்ற வேண்டும், பாயும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினான். அந்தச் சிறுவன் மறுபடியும் மறுபடியும் கேட்டான். இவனும் மறுபடியும் மறுபடியும் கூறினான். பேச்சு இருபது நிமிடம் நீண்டது. இறுதியில் இவன் ஒரு நொடி தயங்கினான். பின்பு, “கோ!” என்றான். மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. அழைப்பை முடித்தபின் அவன் கண்களைத் துடைத்துக்கொண்டதை அப்பத்தா பார்த்தும் பாராதவர்போல் இருந்தார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் அவன் ஆறாவது பெட்டியின் அருகில் சென்றான். மூடியில் புதிய எழுத்துகளுக்குக் கீழே பழைய எழுத்துகளின் தடம் இன்னும் மெல்லத் தெரிந்தது. பெட்டியைத் திறந்து காலணிகளை எடுத்தான். அவற்றின் மடிப்புகளில் ஜோத்பூர் மணல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமலேயே அணிந்துகொண்டான்.

திடலில் இலக்குக் காவலனாக நிற்க யாரும் முன்வரவில்லை. சேற்றில் விழுவதற்கு எவருக்கும் விருப்பம் இல்லை. “நான் நிற்கிறேன்” என்றான் இவன். முதலில் அழைத்த சிறுவன் தலையசைத்து, பந்தை இவனிடம் உருட்டிவிட்டான். ஆட்டம் தொடங்கியது. மூன்று முறை பந்து அவனைக் கடந்து சென்றது. நான்காம் முறை, கம்பத்தை நோக்கிப் பாய்ந்து பழகிய உடல் தானாகவே பாய்ந்தது. பந்து கைகளுக்குள் இருந்தது. முகமெல்லாம் சேறு.

இருள் சூழும் வேளையில் வீடு திரும்பியவனைக் கண்டு தாய் திகைத்து நின்றார். அப்பத்தா வாளியில் நீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“என்ன ராசா, கம்பம்வரை போய்விட்டாயா?”

“இல்லை, அப்பத்தா. இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறேன்” என்று கூறி, சேறு படிந்த கைகளை நீட்டினான்.

சொல்லும் பொருளும்

இடுக்கண் – துன்பம்
நிதானம் – பதற்றமின்மை, தெளிந்த நிலை
தூரிகை – வண்ணம் தீட்டும் கருவி
சுவடு – அடையாளம், தடம்
அப்பத்தா – தந்தையின் தாய்
முறம் – தானியம் புடைக்கும் கருவி
பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
வரப்பு – வயலின் எல்லையில் அமைந்த மண்மேடு
இலக்குக் காவலன் – கால்பந்தில் பந்து இலக்கினுள் செல்லாமல் தடுப்பவன்

சிந்தித்து விடை எழுதுக

1. “சீருடை அதேதான், அதற்குள் இருக்கும் பையன்கள் வேறு” என்று சிறுவன் கூறியதன் பொருள் யாது?
2. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியது ஏன்? கண் மருத்துவத்தைத் தேர்ந்தது ஏன்?
3. ‘நோய் வந்தது நல்லதாயிற்று’ என்னும் கருத்தைப் பாடம் ஏற்கிறதா? காரணம் தருக.
4. கோ-கோ விளையாட்டின் விதி ஒன்று சிறுவனின் வாழ்க்கையோடு எவ்வாறு பொருந்துகிறது?
5. சிறுவன் தொலைபேசியில் “கோ!” என்று கூறிய பின் கண்களைத் துடைத்துக்கொண்டது ஏன்? உம் சொற்களில் எழுதுக.

செய்து பார்க்க

உங்கள் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோருள் ஒருவரிடம், அவர் வாழ்க்கையில் எதிர்பாராமல் நேர்ந்த ஒரு மாற்றத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்போது அவர் எதை இழந்தார், எது எஞ்சியது, அதைக் கொண்டு முதலில் என்ன செய்தார் என்பதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.